கோவைக்குக் கால்பந்து அணி: கையெழுத்து முதலில், ஜெர்சி பிறகு

கோவை மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலர்களுக்கும், அணி தொடங்கும் எண்ணத்தில் இருக்கும் நம் ஊர்த் தொழிலதிபர்களுக்கும் வணக்கம்.

கோயம்புத்தூர் அளவிலான ஊர் தேசிய லீக்கில் ஆடும் ஒரு கால்பந்து அணியைத் தாங்குமா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆட்டம் பார்க்க ஆள் வருமா என்பதுதான் எப்போதும் முதல் சந்தேகம். அதற்கு 2019 மார்ச் 9 அன்றே கோவை நேரு ஸ்டேடியத்தில் பதில் கிடைத்துவிட்டது. அன்று சென்னை சிட்டி எஃப்சி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் கோப்பையைத் தூக்கியது. 20 ஆட்டங்களில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்தங்கி இரண்டாமிடம். சென்னை சிட்டி வீரர் பெத்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். நூறாண்டுப் பாரம்பரியம் உள்ள கொல்கத்தா கிளப்பை முந்திய அணிக்குச் சொந்த மைதானம் கோவையில் இருந்தது.

அடுத்து நடந்ததையும் மறக்காமல் பார்க்க வேண்டும். சாம்பியன் என்ற தகுதியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியோடு ஆடும் வாய்ப்பு வந்தது. 2020 ஜனவரியில் அந்த 'சொந்த மைதான' ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேட்கும் தரத்தில் உள்ளூரில் மைதானம் இல்லாத அணிக்கு இதுதான் கதி. பிறகு கொரோனா. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்தில் நடந்தது. அதற்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. கோப்பை வென்று இரண்டே ஆண்டில் ஊரில் அணி இல்லாமல் போயிற்று.

ஆகவே கூட்டத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைக்கலாம் என்பது எங்கள் கருத்து. அணியைக் காப்பாற்றுபவை இரண்டு விஷயங்கள்: மைதானம் யார் கையில், எத்தனை வருடத்துக்கு என்பது, சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்பது. இந்த இரண்டும் எழுத்தில் முடிவாகும்வரை அணியின் பெயர், சின்னம், ஜெர்சி நிறம் எதையும் அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மக்கள்தொகை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2011 கணக்குப்படி கோவையும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து 21 லட்சத்துக்கு மேல். அதே கணக்கில் ஐஸ்வால் நகரத்தின் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. 2016-17 ஐ-லீக் சாம்பியன் அந்த ஊர் அணிதான். அமெரிக்காவில் சுமார் 1,07,000 பேர் வாழும் கிரீன் பே நகரம் 1919 முதல் பேக்கர்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்திலிருந்து வேறான ஆட்டம்) அணியை வைத்திருக்கிறது. அவர்களுடைய லாம்போ ஃபீல்டில் 81,000 பேர் உட்காரலாம். ஸ்பெயினின் எய்பார் ஊரில் இருப்பவர்கள் 27,000 பேர். அந்த ஊர் அணி 2014 முதல் 2021 வரை ஏழு சீசன் அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான லா லிகாவில் ஆடியது.

ஆனால் இந்த உதாரணங்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். கிரீன் பே பிழைத்திருப்பதற்குக் காரணம் அது ஆடும் லீக்கின் தேசியத் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுவது. நியூயார்க் அணிக்கு எவ்வளவோ அவ்வளவு கிரீன் பேவுக்கும். இந்தியக் கால்பந்தில் அப்படி ஒரு பணம் கிடையாது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-ல் போட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. புதிய ஒப்பந்தம் பேசி முடிக்காததால் நாட்டின் முதல்நிலை லீக்கான ஐஎஸ்எல்லின் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. டிவிப் பணம் வரும் என்று எழுதி யாராவது திட்ட அறிக்கை கொண்டுவந்தால் அந்தப் பத்தியை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அப்படியானால் கணக்கு எப்படி நிற்கும்? 12 அணிகள் உள்ள லீக்கில் 22 ஆட்டம். அதில் 11 நம் ஊரில், 11 வெளியூரில். கீழே உள்ள தொகைகள் எங்கள் மதிப்பீடு. உங்கள் ஆடிட்டரை வைத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொகை மாறினாலும் விகிதம் பெரிதாக மாறாது.

முதலில் டிக்கெட். ஒரு ஆட்டத்துக்குக் காசு கொடுத்து வருபவர் 6,000 பேர், சராசரி டிக்கெட் 75 ரூபாய் என்றால் ஆட்டத்துக்கு 4.5 லட்சம், சீசனுக்கு 49.5 லட்சம். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு நிம்மதி. உள்ளாட்சிக் கேளிக்கை வரி பொருந்துமா, பொருந்தாதா என்பதை மாநகராட்சி முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சீசன் நடுவில் நோட்டீஸ் வந்தால் அதைக் கட்ட அணியிடம் பணம் இருக்காது.

அடுத்து வெளியூர்ப் பயணம். கோவையிலிருந்து ஐஸ்வாலுக்கோ ஸ்ரீநகருக்கோ இம்பாலுக்கோ போக விமானம் மாறியாக வேண்டும். 18 வீரர்கள், 7 பயிற்சியாளர் மற்றும் உதவியாளர், ஆக 25 பேர். போய்வர ஆளுக்கு 20,000 என்றால் 5 லட்சம். இருவருக்கு ஓர் அறை வீதம் 13 அறை, மூன்று இரவு, அறைக்கு 3,500 என்றால் 1,36,500. சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் 75,000. ஒரு பயணத்துக்கு 7.11 லட்சம், 11 பயணத்துக்கு 78 லட்சம். டிக்கெட் வசூல் முழுவதையும் கொட்டினாலும் பயணச் செலவுக்கே 28 லட்சம் துண்டு விழுகிறது. சம்பளத்தைப் பற்றி இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

சம்பளம்: 26 வீரர்கள், சராசரி மாதம் 60,000, பத்து மாதம், 1.56 கோடி. பயிற்சியாளர், பிசியோ, கிட்மேன், மேலாளர் என 12 பேருக்கு வருடம் முழுக்கச் சராசரி 50,000 வீதம் 72 லட்சம். உள்ளூர் ஆட்டம் ஒன்றை நடத்த, அதாவது பாதுகாப்பு, இரண்டு ஆம்புலன்ஸ், விளக்குக்கு ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, டிக்கெட் ஊழியர் ஆகியவற்றுக்கு 4 லட்சம் வீதம் 44 லட்சம். இளையோர் அணிகள் மூன்றுக்கு 75 லட்சம். பயணத்தையும் சேர்த்தால் 4.25 கோடி. இதில் டிக்கெட்டின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கூட இல்லை.

மீதி 3.75 கோடியை ஒரே முதலாளி போடுவார் என்பதுதான் இதுவரை எல்லாரும் பின்பற்றிய வழி. அது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் ஊருக்கு மிகப் பொருத்தமான பாடம் பஞ்சாபின் பக்வாராவில் இருக்கிறது. ஜேசிடி ஒரு துணி மில்லின் அணி. 1996-97-ல் முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்ற அணி. 2011-ல் நிர்வாகம் அதைக் கலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மும்பையில் மஹிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. அதுவும் 2005-06 தேசிய சாம்பியன். பக்கத்தில் கொச்சியில் 1997-ல் பெரிய எதிர்பார்ப்போடு பிறந்த எஃப்சி கொச்சின் சில ஆண்டுகளில் பணமில்லாமல் நின்றது. இந்த அணிகளில் எதுவும் ஆட்டம் தெரியாமல் மூடப்படவில்லை. ஒரே இடத்திலிருந்து வந்த காசு நின்றதும் அணியும் நின்றது. மில்லும் பவுண்டரியும் பம்ப் செட்டும் நல்ல காலம் கெட்ட காலம் இரண்டையும் பார்க்கும் தொழில்கள் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே எங்கள் யோசனை: எந்த ஒரு பாக்கெட்டிலிருந்தும் மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் வரக் கூடாது. ஜெர்சியின் முன்பக்க விளம்பரம் 1 கோடி. 40 நடுத்தர நிறுவனங்கள் ஆளுக்கு 3 லட்சம் வீதம் 1.2 கோடி. 5,000 உறுப்பினர்கள் வருடம் ஆயிரம் ரூபாய் வீதம் 50 லட்சம். இளையோர் அணிகளுக்கான 75 லட்சம் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து. டிக்கெட்டையும் சேர்த்தால் 3.94 கோடி. மிச்சம் 30 லட்சத்துக்கு மைதான விளம்பரப் பலகை, உணவுக் கடை ஏலம். வீரரை விற்று வரும் பணத்தை பட்ஜெட்டில் எழுதவே கூடாது. வந்தால் அதை வைப்பு நிதியில் போடுங்கள்.

இதில் சிஎஸ்ஆர் பற்றி ஓர் எச்சரிக்கை. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை விளையாட்டுப் பயிற்சியை அனுமதிக்கிறது. தொழில்முறை வீரரின் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. விளம்பரப் பலனுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணத்தை விதிகள் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே ஜெர்சியில் லோகோ போட்டுவிட்டு அதையே சிஎஸ்ஆர் என்று காட்டினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள். இளையோர் பயிற்சிக்குத் தனி அமைப்பு, தனி வங்கிக் கணக்கு, வருமான வரி விலக்குக்கும் நன்கொடைச் சலுகைக்குமான பதிவுகள் (12ஏ, 80ஜி என்று அறியப்பட்டவை), சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண் எல்லாம் வாங்கிய பிறகே நிறுவனங்களிடம் போக வேண்டும். இதை முடிக்கவே சில மாதங்கள் ஆகும்.

உரிமை விஷயத்தில் கிரீன் பேயிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது. அங்கே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது. ஒருவர் இத்தனை பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு. அதனால்தான் அணியை வாங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோக எந்தப் பணக்காரராலும் முடியவில்லை. எய்பாரும் 2014-ல் மூலதனம் போதாமல் தவித்தபோது சின்னச் சின்னப் பங்குகளாக விற்று சுமார் 17 லட்சம் யூரோ திரட்டியது. நம் சட்டத்தில் பிரைவேட் லிமிடெட் என்றால் 200 உறுப்பினருக்கு மேல் சேர்க்க முடியாது. 5,000 பேரைச் சேர்க்க நினைத்தால் தொடக்கத்திலேயே கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 8-ன் கீழ், லாப நோக்கமற்ற பப்ளிக் கம்பெனியாகப் பதிவு செய்வது நல்லது. ஒருவருக்கு எத்தனை பணம் போட்டாலும் வாக்கு இத்தனைதான் என்றும், ஊர்ப் பெயரையும் சொந்த மைதானத்தையும் மாற்ற உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் ஒப்புதல் வேண்டும் என்றும் சங்க விதிகளில் எழுதிவிடுங்கள். சீசன் தொடங்கும் முன் நான்கு மாதச் சம்பளத்தைத் தனி வங்கிக் கணக்கில் பூட்டிவைப்பதும் கட்டாயம். கூட்டமைப்பின் கிளப் உரிமத்துக்கான ஐந்து வகை நிபந்தனைகளில் நிதியும் ஒன்று; வீரருக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் உரிமம் கிடைப்பது கடினம்.

இனி மைதானம். இதைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மைதானம் இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து அணி நடத்தலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023-ல் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்ட இன்டர் காசி, வாரணாசியின் பெயரைத் தாங்கிக்கொண்டு மேற்கு வங்கத்துக் கல்யாணியில் தன் சொந்த ஆட்டங்களை ஆடியது. 2024-25 பட்டமும் அதற்கே போனது. ஆனால் காசியில் உள்ள ஒரு பள்ளிச் சிறுவன் அந்த அணியைப் பார்க்க எங்கே போவான்? நம் ஊருக்கு அப்படி ஓர் அணி வேண்டாம்.

நேரு ஸ்டேடியத்தில் ஓடுபாதை இருக்கிறது. தடகளக்காரர்களுக்கு அது உயிர். அவர்களை விரட்டிவிட்டுக் கால்பந்து வேண்டாம். ஆனால் நடுவில் உள்ள புல்லுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். சம்மட்டி எறிதலில் 7.26 கிலோ இரும்புக் குண்டு விழும் இடத்தில் கைப்பிடி ஆழத்துக்குக் குழி விழும். அதில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போவார்கள். மேலே பச்சையாகத் தெரியும். ஓடி வரும் வீரரின் கால் அதில் இறங்கினால் கணுக்கால் திரும்பும், சில சமயம் முழங்கால் தசைநார் அறுந்து சீசன் முடிந்துவிடும். சம்மட்டி, குண்டு, வட்டு எறிதல்களுக்கு வேறொரு பயிற்சி மைதானத்தில் கூண்டு அமைத்துக் கொடுத்தால் தடகளத்துக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது.

மேடை நிகழ்ச்சிகள் இன்னும் மோசம். புல்மேல் பலகை விரித்து இரண்டு நாள் விட்டால் நம் வெயிலில் அடியில் வெந்து மஞ்சளாகும். லாரி ஏறினால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. அடுத்த மழையில் அதே தடத்தில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்குக் கனமழை. லீக் வழக்கமாகத் தொடங்குவதும் அதே பருவத்தில்தான். அதனால் பங்குனி, சித்திரையில் ஆட்டம் முடிந்ததும் 45 நாள் மைதானத்தை மூடி, துளையிட்டு, ஆற்று மணலானாலும் எம்-சாண்டானாலும் கண்ட கலவையைக் கொட்டாமல், சலித்த, களிமண் இல்லாத மணலை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வடிகாலைச் சோதித்து வைத்தால்தான் ஐப்பசியில் பந்து உருளும்.

தண்ணீர்க் கணக்கு இது. ஆடுகளம் 105-க்கு 68 மீட்டர். ஓரங்களையும் சேர்த்தால் சுமார் 8,000 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் தேவை என்றால் 40,000 லிட்டர். சிறுவாணித் தண்ணீரை இதற்கு ஊற்றுவது பாவம். உக்கடம் சுத்திகரிப்பு நிலையத்து நீரைக் கொண்டுவரலாம். ஆனால் லாரி அனுப்பும் முன் உப்புத் தன்மையையும் சோடியத்தையும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். சோடியம் அதிகமென்றால் சில மாதங்களில் மண்ணின் துளைகள் அடைபட்டு, ஊற்றும் நீர் மேலேயே நிற்கும். கோடு போடச் சுண்ணாம்புத்தூளைத் தூவும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். அது புல்லைக் கருக்கும். விழுந்த வீரரின் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். தண்ணீரில் கரைக்கும் வெள்ளை பெயின்ட்டும் ஒரு தள்ளுவண்டியும் போதும்.

விளக்கைப் பொறுத்தவரை பயிற்சிக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), டிவி இல்லாத கிளப் ஆட்டத்துக்கு 500 லக்ஸ், தேசிய ஆட்டத்துக்கு 750 லக்ஸ் என்பது ஃபிஃபா நீண்ட காலம் பரிந்துரைத்த அளவு. நேரடி ஒளிபரப்புக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. கம்பம் நட்டதோடு வேலை முடிந்தது என்று பில் போடாமல், பத்து மீட்டருக்கு ஓர் இடமாக லக்ஸ் மீட்டரை வைத்து அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் பிரகாசமாகவும் கார்னரில் இருட்டாகவும் இருந்தால் கோல்கீப்பருக்குப் பந்து தெரியாது.

எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதைக் கேலரியின் நீளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வாசலின் அகலம்தான் கணக்கு. பிரிட்டனின் ஸ்டேடியப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேற முடியும், படிக்கட்டில் 66 பேர். எட்டு நிமிடத்தில் 10,000 பேர் வெளியேற, சமதள வாசல்களின் மொத்த அகலம் 15 மீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு வாசலில் பைக் நிறுத்தியிருந்தாலும், ஒரு கதவின் பூட்டைத் திறக்க ஆள் இல்லாவிட்டாலும் அந்த அகலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இலவசமாக விடும் ஆட்டத்துக்கும் எண்ணிட்ட டிக்கெட் கொடுத்தே தீர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

ஆட்ட நேரமும் நிர்வாக முடிவுதான். வேலை நாளில் மதியம் 2 மணிக்கு ஆட்டம் வைத்துவிட்டுக் கூட்டம் இல்லை என்று ஊரைக் குறை சொல்லக் கூடாது. ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்கினால் 7 மணிக்குள் முடியும். பொள்ளாச்சி, திருப்பூர், மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வருபவர்களுக்குத் திரும்பப் பேருந்து இருக்கும். பெண்களுக்குத் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருந்தால் குடும்பங்கள் வரும். இல்லாவிட்டால் ஒரு தடவை வந்ததோடு சரி.

தொழிலதிபர்களுக்கு ஒரு வார்த்தை. நேரடி நுழைவுக் கட்டணம் கட்டித் தேசிய லீக்கில் குதிப்பது வேகமான வழி. எங்கள் யோசனை மெதுவான வழி: முதல் ஆண்டு 13, 15, 18 வயதுக்குட்பட்ட அணிகள் மட்டும், இரண்டாம் ஆண்டு மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பெரியவர் அணி, பிறகு கீழ்நிலைத் தேசிய லீக்குகள் வழியாக மேலே. ஐஸ்வால் மேலே வந்ததற்கு 2012-ல் தொடங்கிய மிசோரம் பிரீமியர் லீக் அடித்தளம். உள்ளூர் கேபிள் டிவி அந்த ஆட்டங்களைக் காட்டியது. ஊரே தன் பையன்களைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டது. நம் பக்கம் பள்ளி, கல்லூரி அணிகள் உண்டு, மாவட்ட லீக் உண்டு; அவை வருடத்துக்கு எட்டு மாதம் தொடர்ந்து நடப்பதில்லை. ஒரு சிறுவனுக்கு ஆண்டுக்கு 30 ஆட்டமாவது கிடைக்க வேண்டும். நாலைந்து நாக்-அவுட் போட்டியில் முதல் சுற்றில் தோற்று வீட்டுக்குப் போகிறவன் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் வளர மாட்டான்.

மாநகராட்சியிடமும் ஆணையத்திடமும் நாங்கள் கேட்பது ஒரே ஒப்பந்தம், இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்திட்டது, பத்தாண்டுக்கு. அதில் 11 ஆட்ட நாளும் ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரண்டு நாளும், ஆக 33 நாள் தேதி குறித்து ஒதுக்கப்பட வேண்டும். புல்மேல் மேடையும் வாகனமும் கூடாது. மீறினால் சீரமைப்புச் செலவை நிகழ்ச்சி நடத்தியவரே கட்ட வேண்டும். வாடகை ஒரு நிலையான தொகையும் டிக்கெட்டில் ஒரு சிறு விகிதமும். மின்கட்டணத்துக்குத் தனி மீட்டர். ஆட்ட நாளில் எல்லா வாசல் சாவியும் யார் பொறுப்பில் என்பது பதவிப் பெயரோடு எழுதப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒரு பொறியாளரையும் அளவு நாடாவையும் அனுப்பி நேரு ஸ்டேடியத்தின் ஒவ்வொரு வாசலையும் அளந்து, உண்மையில் எத்தனை பேரைப் பத்திரமாக உள்ளே விடலாம் என்ற எண்ணைப் பொதுவில் வெளியிடுங்கள். அந்த எண் கைக்கு வந்ததும் மேலே உள்ள டிக்கெட் கணக்கைத் திருத்தி எழுதி உங்கள் மேசைக்குக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கோவையில் கால்பந்துப் பயிற்சியிலும் போட்டி நடத்தும் வேலையிலும் இருப்பவர்கள்